லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில் சிறிய டீசல் வேன் ஒன்றைப் பற்றி வந்த மதிப்பீட்டைக் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். தொழிலுக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி போதும் என்கிறது அந்தக் கட்டுரை. எழுதியவர் நான்குவழிச் சாலையில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து, மைலேஜ், ஏசி, பாட்டுப் பெட்டி என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் லோடு ஏற்றாமல் வேனைப் பற்றி எழுதுவது, தண்ணீரில் இறக்காமல் மோட்டாரைப் பற்றி எழுதுகிற மாதிரி.

நான் உடுமலைப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தோட்டம் தோட்டமாகப் போய் கிணற்று மோட்டார், போர் மோட்டார் கழற்றி வந்து சரிசெய்து மாட்டுவது தொழில். 2016-ல் ஏழு பேர் உட்காரும் டீசல் வேன் ஒன்று வாங்கினேன். இரண்டு சிலிண்டர், பின்சக்கரம் இழுக்கும் வண்டி. இன்றைக்கு 1,80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறைகள் இந்த அளவு வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவைதான்.

முதலில் குட்டி யானைதான் வாங்குவதாக இருந்தேன். டாடா ஏஸ் 2005-ல் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் தேங்காய், தக்காளி, வைக்கோல் என்று அது ஏற்றாத பொருள் இல்லை. ஆனால் திறந்த வண்டி. மழையில் காயில் கட்டிய மோட்டாரை வைத்துப் போக முடியாது, அம்மாவைக் கோவைக்குக் கண் காட்டக் கூட்டிப்போகவும் முடியாது. பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று நல்ல விலைக்கு வந்தது. 1984-லிருந்து 2019 வரை தயாரான வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவான். ஆனால் பெட்ரோல், அதிலும் 800 சிசிக்கு ஒரு சொட்டுக் குறைவு. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஐந்து குதிரைச் சக்தி சப்மெர்சிபிள் மோட்டார் செட் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். அப்படி மூன்று, கூடவே கேபிள் சுருள், மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக், ஆள் இரண்டு என்றால் ஆம்னி மூச்சு வாங்கும். அதனால்தான் டீசல்.

சரி, லோடு விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேன் காலியாகப் போனால் பின்பக்கம் குதிக்கும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் எடை தாங்கக் கட்டியவை, வெறும் வண்டியில் அவற்றுக்கு வேலை இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் பின் சீட்டில் இருப்பவர் தலை கூரையைத் தொடும். அதே வண்டியில் முந்நூறு கிலோ வையுங்கள், தொழுவத்தில் கட்டின மாடு மாதிரி அடங்கிவிடும். அப்புறம் பிரேக்தான் பார்க்க வேண்டும். லோடோடு நிற்க இன்னும் நாலடி கூடுதலாகக் கேட்கும். காலியாக, மழையில், அவசரத்தில் மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஒதுங்கும். ஆழியாறு ரோட்டில் ஒரு தடவை அப்படி ஒதுங்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றேன். அன்றிலிருந்து காலியாகக் கிளம்பினால் ஒரு பழைய மோட்டார் கூட்டைப் பின்னால் போட்டுக்கொள்வது வழக்கம்.

எவ்வளவு எடை ஏற்றலாம் என்று கம்பெனிக்காரரிடம் கேட்பதைவிட ஆர்.சி. புத்தகத்தைத் திறப்பது நல்லது. காலி எடை, மொத்த எடை இரண்டும் அதில் இருக்கும், கழித்துக்கொள்ள வேண்டியதுதான். வருகிற விடையில் ஓட்டுகிறவர் எடை, மேலே கேரியர், கருவிப் பெட்டி எல்லாம் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது காற்று. இதை எந்த மதிப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் எங்கள் ஊருக்கு வரும் காற்று சும்மா காற்று இல்லை. இத்தனை காற்றாலைகளை இங்கே நட்டிருப்பது காரணமாகத்தான். வேன் உயரமானது, ஆனால் அகலம் குறைவு, சக்கரம் சின்னது. உடுமலையிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் பக்கவாட்டில் ஒரு அடி விழுந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். இருபதடி பைப்பைக் கேரியரில் கட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆடி மாதத்தில் நான் ஐம்பதைத் தாண்டுவதில்லை.

மலை ஏறுவதில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. எஸ்டேட் ஒன்றில் மோட்டார் மாட்டப் போகும்போது, முழு லோடில், பல வளைவுகளை இரண்டாம் கியரிலேயே ஏறியிருக்கிறது. வேகம் இருக்காது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். மெதுவாகப் போகும்போதும் இழுக்கிற அடி இழுவை என்பது டீசலின் சொத்து. இறங்கும்போதும் ஏறின கியரிலேயே இறங்கினால் பிரேக் சூடாகாது.

வீட்டு உபயோகம் என்று வந்தால் கதை வேறு. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சித்திரை வெயிலில் கோவை போய்த் திரும்புவதற்குள் சீட் தோசைக்கல் ஆகிவிடும். என் மனைவி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். இரண்டு சிலிண்டர் என்பதால் சிக்னலில் நிற்கும்போது வண்டி அதிர்கிற அதிர்ச்சியில் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி இரண்டாகத் தெரியும். முதல் தடவை ஏறிய அம்மா, "ஏன்டா சாமி, மாவு மில்லுக்குள்ள உக்காந்தாப்பல இருக்குது"ன்னு சொன்னதை இன்றுவரை யாராலும் மிஞ்ச முடியவில்லை. ஆனாலும் அதே அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, குனிந்து ஏறுகிற காரைவிட நின்றவாக்கில் ஏறுகிற வேன்தான் பிடிக்கிறது. நான் கீழே ஒரு படி பற்றவைத்தேன், அவ்வளவுதான் செலவு. சறுக்குக் கதவு குறுகலான சந்தில் வசதி. தென்னை நார்த் தூள் தண்டவாளத்தில் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு தடவை டீசலில் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும்.

'தொழிலுக்கும் வீட்டுக்கும்' என்று எழுதுகிறவர்கள் நம்பர் போர்டின் நிறத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டாமா? மஞ்சள் போர்டு சரக்கு வண்டியாகப் பதிந்தால் வீட்டு ஆட்களைப் பின்னால் ஏற்றக்கூடாது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் வாங்குவதும் பெரும்பாடு. குறித்த காலத்தில் வண்டியை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். வெள்ளை போர்டாகப் பதிந்தால் கூலிக்குச் சரக்கு ஓட்டக்கூடாது. அதற்கும் மேலே, சரக்குக்கென்று கட்டாத வண்டியில் சரக்கு ஏற்றினாலும் அந்த நேரத்தில் அது சரக்கு வாகனமே என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். என்னுடையது வெள்ளை போர்டு. ஒரு தடவை சோதனையில் நிறுத்தி, "இந்த மோட்டாரெல்லாம் யாருது?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. ரிப்பேருக்காக என் கடைக்குப் போகிறது, வாடகை வாங்கவில்லை என்று பில் புத்தகத்தைக் காட்டி அரைமணி நேரம் பேசிய பிறகு விட்டார். அடுத்தவர் விடுவாரா என்பது எனக்கு நிச்சயமில்லை. லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் குழப்பம் தீர்ந்தது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை, மஞ்சள் போர்டானாலும், இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

கடைசியாகக் காசு. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கலாம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போய், இன்று வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம். என் வேன் லோடோடு லிட்டருக்கு 17 கொடுக்கிறது. பக்கத்துக் கடைக்காரரின் பெட்ரோல் வேன் 13. கிலோமீட்டருக்கு எனக்கு இரண்டேகால் ரூபாய்க்கு மேல் மிச்சம். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்திருந்தால் அதை எடுக்க 43,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,500 ஓடுகிற எனக்கு இரண்டரை வருடத்துக்குள் முடிந்துவிடும். மாதம் 500 ஓடுகிற மளிகைக் கடைக்காரருக்கு ஏழு வருடம், அதற்குள் கிளட்ச் பிளேட்டும் பேட்டரியும் பாக்கியைத் தின்றுவிடும்.

இதில் 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். அந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சுத்தமாக எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓட வேண்டும். கடைத்தெருவுக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று சுற்றினால் வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் பில் வரும். ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர் என்னிடம் கேட்டால் பெட்ரோல் வேன் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், டீசல் வண்டிக்காரனாக இருந்துகொண்டே.

அடுத்த மதிப்பீடு எழுதுகிறவரை ஆடி மாதத்தில் உடுமலைக்கு அனுப்பி வையுங்கள். என் வேன் சாவியைத் தருகிறேன். மூன்று மோட்டார் ஏற்றித் தருகிறேன், கேரியரில் பைப்பும் கட்டித் தருகிறேன், பல்லடம் வரை ஓட்டிப் பார்க்கட்டும். சறுக்குக் கதவை மட்டும் கொஞ்சம் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்,
உடுமலைப்பேட்டை