கடற்பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வந்த மொழியும் பிரக்ஞையும் பற்றிய கட்டுரை, ஒருவரின் மொழி எதுவோ அதுவே அவரது பிரக்ஞை என்று முடிகிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். சோதித்துப் பார்த்தவர்களிடம் செல்லாது.

தமிழே அதற்குச் சாட்சி. மேசையில் உள்ள கோப்பையை ‘இடப்பக்கம் தள்ளு’ என்பவரும் தமிழர், ‘வடக்காலே தள்ளு’ என்பவரும் தமிழர். 1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்தார். நகரத்தார் பெரும்பாலும் இடம், வலம் என்றார்கள். கிராமத்தார் கையெட்டும் தூரத்துப் பொருளுக்கும் திசை சொன்னார்கள். வாய் திறக்கத் தேவையில்லாத ஞாபகச் சோதனையிலும் அதே போக்குத் தெரிந்தது. மொழி ஒன்று, மனம் இடத்தைப் பிடித்துவைக்கும் விதம் இரண்டு. காரணத்தை அன்றாடப் புழக்கத்தில் தேடவேண்டும். மொழியின் பெயரைச் சொன்னால் போதாது.

அந்தச் சோதனைக்குப் பெரிய செலவில்லை; உயர்தர வகுப்பிலேயே செய்யலாம். இரண்டு மேசைகளை எதிரெதிராகப் போட்டு நடுவில் ஆள் நிற்க இடம் விடுங்கள். முதல் மேசையில் மாடு, ஆடு, கோழி என மூன்று பொம்மைகளை ஒரே பக்கம் பார்க்க வரிசையாக வையுங்கள். மூன்று வைப்பது, வரிசையைத்தான் சோதிக்கிறோம் என்று அவர் எண்ணிக்கொள்ள. பார்த்தபின் பொம்மைகளை எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்து, அவரை 180 பாகை திருப்பி, ‘இருந்தது போலவே வையுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். இடம், வலம், வடக்கு, தெற்கு எதுவும் உங்கள் வாயில் வரக்கூடாது. வந்தால் விடையை நீங்களே ஊட்டியதாகிவிடும். முன்பு வடக்கே பார்த்த மாடு இப்போதும் வடக்கே பார்த்தால் அவர் திசையைப் பிடித்தவர். தெற்கே திரும்பியிருந்தால் தன் உடம்பின் இடம், வலத்தைப் பிடித்தவர். பொம்மைகள் பார்க்கும் பக்கத்தை மாற்றி மாற்றி ஐந்து தடவையாவது செய்யவேண்டும். வாயால் விவரிக்கச் சொல்வதை எல்லாம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை கெடுவது பெரும்பாலும் யன்னலால்தான்; வெளியே தெரிவது அடையாளமாகிவிடும். 2002இல் உளவியலாளர்கள் லீயும் கிளைட்மனும் அமெரிக்க மாணவர்களிடம் இதைச் செய்து, மேசையில் ஓர் அடையாளப் பொருளை வைத்ததுமே விடை மாறுவதைக் காட்டினார்கள். இட உணர்வில் மொழிக்குப் பங்குண்டு என்று வாதிட்ட லெவின்சன் குழு விடவில்லை: 180 பாகையில் ‘அடையாளத்தின் பக்கம்’ என்பதும் ‘திசை’ என்பதும் ஒரே விடையையே தரும், 90 பாகை திருப்பினால்தான் இரண்டும் பிரியும் என்றது. எனக்கு அந்தப் பதில் நியாயமாகவே படுகிறது. ஆனால் சூழலின் பங்கை அது இல்லாமல் செய்துவிடவில்லை.

சொல்லும் பொருளும் புகையும் நெருப்பும் போல என்ற கட்டுரையின் உவமையும் பிசகு. புகை நெருப்பின் தடம். சொல் வழக்கால் நிற்கும் குறியீடு. அமெரிக்க மெய்யியலாளர் பேர்ஸ் இவ்விரண்டையும் வேறு வேறாக வகுத்தார். எங்களூரில் கச்சான் என்றால் வறுத்து விற்கும் கடலையும்தான், மேல்காற்றும்தான். ‘கச்சான் அடிக்குது’ என்றால் யாரும் கடலைச் சுருளைத் தேடுவதில்லை. காற்றில் சாய்ந்த பனைக்கு இந்த இரட்டை வாழ்வு கிடையாது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்ற தொல்காப்பிய வரியை, சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான காரணத் தொடர்பில்லை என்ற மொழியியலாளர் சொசூருக்கு முன்னோடி என்று கட்டுரை காட்டுவதிலும் அவசரம் இருக்கிறது. காரணம் இல்லை என்று அது சொல்லவில்லை. பார்த்ததும் புலப்படாது என்கிறது.

சொல் போனால் சிந்தனையும் போகும் என்பதை மறுக்க ஒன்றே போதும்: மூளைப் பாதிப்பால் வாக்கிய அமைப்பையே இழந்த மூவர் கணக்குகளைச் சரியாகச் செய்ததை ரோஸ்மேரி வார்லி குழு 2005இல் வெளியிட்டது.

திருகோணமலையில் இச்சோதனையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நிலாவெளி வீதியில் ‘கடற்பக்கம்’ என்றால் கிழக்கு. அங்கே அது ஏறக்குறைய ஒரு திசைச்சொல். நகருக்குள் ஒருபுறம் டச்பே, மறுபுறம் உட்துறைமுகம். அதே சொல் இரண்டு பக்கமும் காட்டும். இரு இடத்துப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். அறையும் கடல் கண்ணில் படாத, இரைச்சல் கேட்காத அறையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.