தோட்டக் குழு ஆண்டறிக்கை: நிழலில் பூத்த மார்கழி

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வேப்பமரமும் புங்கமரமும் கவிந்து நிற்கிற வீட்டில் என்னதான் பூக்கும் என்று போன பொதுக்குழுவில் பலர் கேட்டீர்கள். இந்த ஆண்டு வேலை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. நம் மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும், மார்கழிப் பனியில் மொக்கும் குறைந்துவிடும், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலையோ கிட்டே நெருங்க முடியாது. அந்த மாதத்தில் நம் நிழல் மூலைகளிலிருந்தே தலைக்கும் சாமிக்கும் பூ பறிக்க வேண்டும் என்று டிசம்பர் பூவையும் கனகாம்பரத்தையும் எடுத்துக்கொண்டோம். இரண்டும் ஆடாதோடை குடும்பத்துச் செடிகள், ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். கனகாம்பரம் எல்லா மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கும், டிசம்பர் பூ பகல் சுருங்குகிற நாட்களுக்காகக் காத்திருந்து மொத்தமாகப் பூக்கும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் செடியை ஒழுங்குபடுத்தலாம் என்று புரட்டாசியில் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, சொன்னது நான்தான். டிசம்பர் பூவின் மொக்கு கிளை நுனியிலும் நுனிக்குப் பக்கத்துக் கணுக்களிலும்தான் கட்டும், அந்த நுனிகளையே நாம் வெட்டி எறிந்துவிட்டோம். தெருவின் மேற்குப் பக்கத்து ஆறு வீடுகளில் மார்கழி முழுக்க வெறும் பச்சைதான். நான் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்ட மூலை வீட்டு அக்காவின் செடி மட்டும் இலை தெரியாமல் ஊதாவாக நின்றது. அந்த ஆறு வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கவாத்து என்றால் பூ ஓய்ந்த பிறகு மாசியில், ஆடி தாண்டினால் கத்தரியை எடுக்கவே கூடாது.

நிழலிலும் வித்தியாசம் இருக்கிறது. வேப்பமரத்தடியில் சல்லடை போல வெயில் விழும் இடத்திலும், பத்து மணி வரை இளவெயில் வரும் கிழக்குச் சுவர் ஓரத்திலும் நன்றாக வந்தது. அடர்ந்த மாமரத்தடியில் வைத்தவை வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்ததோடு சரி. அங்கே இனி வைக்க வேண்டாம்.

கனகாம்பரத்தில் வேறு தொல்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றிய வீடுகளில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது, இரும்புச் சத்து ஏறாததன் அடையாளம் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து சாயங்காலத்தில் இலை நனையத் தெளித்தோம், அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. இரண்டு வீடுகளில் செடி காரணமில்லாமல் வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பாசிமணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தது. வேருக்குள் புகுந்து வாழ்கிற நூற்புழுதான். அந்த மண்ணில் இப்போதைக்குக் கனகாம்பரம் வேண்டாம், புழு அடங்க வேப்பம் புண்ணாக்கு போட்டுச் செண்டுப்பூ வைத்திருக்கிறோம்.

விதை எடுத்த நாள் எனக்கு மறக்காது. கனகாம்பரத்தின் காய்ந்த கதிர்களைத் தட்டில் போட்டுத் தண்ணீர் தெளித்ததும் காய்கள் பட்பட்டென்று வெடித்து விதை சுவர் வரைக்கும் தெறித்தது, பிள்ளைகள் பொறுக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. டெல்லி கனகாம்பரம் என்ற ரகம் மட்டும் விதை வைக்காது, அதற்குப் போத்துதான், அதாவது கிளைத் துண்டை நட்டு வேர் பிடிக்க வைப்பதுதான்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கண்மாய்க் கரம்பை மண் ஒரு டிராக்டர் இறக்கியதுதான் பெரிய செலவு, அதில் பாதி இன்னும் கோயில் பின்புறம் கிடக்கிறது. வேண்டுபவர்கள் அள்ளிக்கொள்ளலாம்.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூலை வீட்டில் கவாத்து. வெட்டுகிற கிளையெல்லாம் போத்துக்கு ஆகும், பென்சில் கனம், அரை அடி நீளம், இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும், ஒரு மாதம் நிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேர் விட்டுவிடும். அந்த ஆறு வீட்டாருக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. வருகிறவர்கள் நனைத்த சாக்கு ஒன்று கொண்டு வாருங்கள்.

செயலாளர்