வந்த எண்களை வந்தபடியே

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

வீட்டில் அனைவரும் நலம். உன் அம்மாவை வடசேரிச் சந்தையில் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். தீபாவளிக் கடிதத்துக்கே பதில் எழுதாத நீ, இதற்காவது உடனே எழுத வேண்டும்.

உடுக்கைத் தாத்தாவின் குழு பாடிய வில்லுப்பாட்டை டிடி தமிழில் மறுபடி ஒளிபரப்பினார்கள். முதல் பகுதியை ஒரு துளியும் கெடாமல் பதிந்துவிட்டேன். தாத்தாவின் வீசுகோல் நாணில் விழுந்து எழும்போது அதில் கட்டிய மணிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. மாமா வீட்டு வீடியோ கேசட்டில் பூஞ்சை ஏறிய பிறகு, அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இதில் மட்டும்தான்.

செட்டாப் பாக்ஸிலிருந்து கம்பி இழுத்துக் கணினியில் பதியலாம் என்று நீயும் சைக்கிள் வாத்தியாரும் சேர்ந்து சாதித்தீர்களே, அதை நான் ஏற்கவே மாட்டேன். ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து நம் டிஷ்ஷுக்கு வருவதே சுருக்கப்பட்ட எண்கள்தாம், 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக. பாக்ஸ் அவற்றை விரித்துப் படமாக்கிய பின் நாம் மறுபடி சுருக்கினால், வேகமாக அசையும் வீசுகோல்தான் முதலில் கட்டம் கட்டமாகச் சிதையும். அதனால் டிஷ் கம்பியை யூஎஸ்பி டியூனரில் (டிஷ் சிக்னலைக் கணினிக்குள் கொண்டுவரும் சிறு கருவி) செருகி, வரும் எண்களை அப்படியே டிஎஸ் கோப்பாக, அதாவது அந்தப் பொட்டலங்களின் வரிசையாகவே, வட்டில் இறக்கினேன். நொடிக்கு 3 மெகாபிட் வீதம் வந்தால் மணிக்கு ஏறத்தாழ 1.35 ஜிபி, அதற்கா வட்டில் இடமில்லை? முன்னும் பின்னும் வரும் விளம்பரங்களைக்கூட மறுபடி சுருக்காமல், மாற்றங்கள் மட்டும் வராமல் முழுப்படமே வரும் இடம் பார்த்து வெட்டிக்கொள்ளலாம்.

இப்போது என் கவலையெல்லாம் வரும் ஞாயிறு வரப்போகும் இரண்டாம் பகுதியைப் பற்றித்தான். நம் மாவட்டத்தை இரண்டு பருவமழையும் விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான்கு நாளாக வேளிமலைப் பக்கம் கறுத்தே கிடக்கிறது. டிஷ்ஷுக்கு வரும் கேயூ அலைவரிசை பெருமழையில் வலுவிழந்துவிடும், வந்து சேராத பொட்டலத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆனால் ஹைதராபாத்தில் உன் மொட்டைமாடி டிஷ்ஷில் விழுவதும் இங்கே விழுவதும் ஒரே எண்கள்தாம். இங்கே மழை தின்ற நொடிகளை உன் பதிவிலிருந்து எடுத்து ஒட்டினால், தைத்த இடமே தெரியாது. கம்பி வழியாகப் பதிந்த பிரதியில் இது நடக்காது, மக்கா.

ஆசையாக வாங்கிப் பரணில் போட்டாயே, அந்த டியூனரை இறக்கு. டிஷ், ஜிசாட்-15 நிற்கும் 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை இடத்தைப் பார்க்கட்டும். எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் வடிவமைத்த வட்டு 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பைத் தாங்காது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள். நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம் முன்பே பதிவைத் தொடங்கிவிடு. டியூனர் வேலை செய்கிறதா என்று சனிக்கிழமைக்குள் எனக்குச் சொல். இல்லையென்றால் திருச்சியில் மச்சானைப் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மக்கா