மூணு வருஷக் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு நாங்கள் கடை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. கடை என்பது அப்பா வைத்த பெயர். ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற தொழில், அதிலும் வழக்கமாகக் கழித்துவிடுகிற ஆட்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகிற தொழில் என்று ஆத்தங்குடியில் டைல் போடுகிற தன் சேக்காளிகளிடம் விளக்கி விளக்கி அவர் அலுத்துப்போய்விட்டார். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டால் நாலாவது ஆளிடம் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் வீட்டுக்கார ஆச்சிக்கு. காரைக்குடியில் அவர் வீட்டு முகப்பில் ஒரு அறை வாடகைக்குக் கேட்டுப் போனபோது, "என்ன தொழில் ஆத்தா?" என்றார். குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள், வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் போன பிள்ளைகள், இவர்களை சாஃப்ட்வேர் வேலையில் சேர்த்துவிடுவது என்று சொன்னேன். "பெட்டியடிக்குப் பையனை அனுப்புற மாதிரியா?" என்று கேட்டார். பர்மாவிலும் மலேயாவிலும் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய காலத்தில் ஊரிலிருந்து போகிற பையன் பெட்டியடியில், அதாவது கணக்குப் பெட்டிப் பக்கத்தில், உட்கார்ந்து கணக்குப் பழகி, அடுத்தாளாகி, கெட்டிக்காரனாக இருந்தால் மேலாளாகவும் ஆவான், மூன்று வருஷத்துக்கு ஒரு தவணை என்று கணக்கு. ஆனால் கப்பல் ஏறுவதற்கு மாமனோ பங்காளியோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சொல்லிவிட ஆளில்லாதவன் இங்கனதான் கெடந்தான்" என்றார் ஆச்சி. ரெஃபரலில், அதாவது உள்ளே இருக்கிறவர் சிபாரிசில், மட்டும் ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்று நான் கம்பெனி கம்பெனியாகப் போய் இருபது ஸ்லைடு போட்டுச் சொல்வதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். என் முதல் வேலையே "நம்ம ஊர்ப் பொண்ணு" என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னதால் கிடைத்ததுதான், அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவருக்கும் நன்றி.

"மூணு வருஷத்துக்குக் கணக்கை மூடாத, வாடகை முன்னப்பின்ன வரட்டும்" என்றும் ஆச்சி சொன்னார். வந்தது, பின்னதான். எங்கள் தொழிலில் வேலை தேடி வருகிறவர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. கம்பெனி தருவது வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், அதுவும் ஆள் சேர்ந்து அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்து. அதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டால் இன்னொருவரைச் சும்மா தேடித்தர வேண்டும். இதில் கைக்கு வராத பில்லுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஆடிட்டர் சார் இல்லையென்றால் முதல் வருஷமே பூட்டியிருப்போம். (சார், உங்கள் ஃபீஸ் இன்னும் பாக்கி என்று தெரியும்.)

அடுத்தது தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்த தம்பிக்கு. ஆரம்பித்து மூன்றாவது மாதம். செட்டிநாட்டு வீடுகள் தெரியும்தானே, தரையைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள், ஐந்து படி. வாசலில் "எல்லோருக்கும் வேலை" என்று போர்டு வைத்திருந்தோம். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "போர்டு நல்லாருக்குக்கா" என்றான். அன்றைக்குத் தெருவில் வேப்பமரத்து நிழலில் ஸ்டூல் போட்டு அவனோடு பேசினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆசாரி அண்ணனை வரச்சொன்னோம். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் படி இரண்டரை அடி, அப்படியென்றால் முப்பது அடி, பலகை எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். அண்ணன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார், இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று பின்னால் வரைக்கும். இங்கே வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியுமல்லவா, பின்வாசலில் ஒரே படி, அரையடி. ஆறு அடிப் பலகை போதும். ஆச்சி உள்ளே போட்டிருந்த பழைய பர்மாத் தேக்குப் பலகையை எடுத்துக் கொடுத்தார், கல்லில் ஒரு ஆணி இறங்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. ஆனால் நாற்காலியில் வருகிறவருக்குப் பின்வாசல், மற்றவர்களுக்கு முன்வாசல் என்றால் அதைவிடக் கேவலம் வேறில்லை. அதனால் ஆபீஸையே அடுப்படிப் பக்கம் மாற்றிவிட்டோம். இப்போது கம்பெனி எம்.டி. வந்தாலும் பின்வாசல்தான். அண்ணன் கூலி வாங்கவில்லை.

பெயர் சொல்லாமல் நன்றி சொல்ல வேண்டிய ஒரு எச்.ஆர். மேடம் இருக்கிறார். பார்வையில்லாத ஒரு பையன், என்.வி.டி.ஏ. என்கிற இலவச மென்பொருள் திரையை வாசித்துச் சொல்ல, காதால் கேட்டே புரோகிராம் எழுதுகிறவன். ஆன்லைன் தேர்வில் கேமரா வழியாகக் கண்காணிக்கிற மென்பொருள் பத்தாவது நிமிஷம் அவனை வெளியே தள்ளிவிட்டது. காரணம், கண் திரையைப் பார்க்கவில்லையாம், காப்பியடிக்கிறானாம்! கேமராவுக்கு அவ்வளவுதான் புத்தி. மேடம் அன்று மாலையே தானே வீடியோ காலில் உட்கார்ந்து மறுபடி தேர்வு வைத்தார், அரசுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் உண்டு என்று நான் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அதே கணக்கில் நேரமும் கொடுத்தார். பையன் இப்போது அங்கேதான் இருக்கிறான்.

விண்ணப்பங்களை மெஷின் வடிகட்டினால் பாரபட்சம் இருக்காது என்று சொல்பவர்களுக்கு நான் அமேசான் கதையைச் சொல்வேன். பத்து வருஷத்து விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய அவர்களுடைய சோதனை மென்பொருள், பெண்கள் என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது, இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. 2018-ல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மகளிர் கல்லூரியில் படித்தவர்கள். அதனால்தான் பெயர், காலேஜ், வேலையில் இல்லாத இடைவெளி வருஷம் எல்லாவற்றையும் மறைத்து, செய்த வேலையை மட்டும் முதலில் அனுப்புகிறோம். அந்த ஃபார்மை உட்கார்ந்து செய்து கொடுத்த மூன்று அக்காமாருக்கு நன்றி. மூவரும் பிள்ளை வளர்க்க வேலையை விட்டு, எங்கள் வழியாகத் திரும்பிப் போனவர்கள். இன்றும் சனிக்கிழமை தவறாமல் மாதிரி இன்டர்வியூ எடுக்கிறார்கள், அதுவும் இரக்கமே இல்லாமல்.

பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் வந்ததிலிருந்து "கல்யாணம் ஆயிருச்சா?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிற மேனேஜர்கள் உண்டு. அப்படி ஒருவரின் ஆர்டரைத் திருப்பி அனுப்பினோம், கையில் காசில்லாத மாதத்தில். "பரவால்ல, விடு" என்று சொன்ன என் வீட்டுக்காரருக்கும் ஒரு நன்றி. இரண்டு நாள் கழித்து "எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டதையும் மன்னித்தாயிற்று.

மூன்று வருஷத்தில் 63 பேர். பெரிய எண் இல்லை, ஒருவர்கூடச் சேராத மாதங்கள் இருந்தன, நாலு பேர் மூன்று மாதம் தாங்காமல் திரும்பியும் வந்தார்கள். அப்புறம், வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சி கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுடுகிறார். முடிந்தவர்கள் வாருங்கள். பின்தெரு வழியாக.