அண்ணா, அந்தப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போடப்போறதில்ல

அண்ணா,

வர்ற வியாழக்கிழமையோட அப்பா போய் ஒரு வருஷம். நீ போனை எடுக்கறதில்ல, மெசேஜும் பாக்கறதில்ல, ஆனா நான் இங்க எழுதறதை மட்டும் விடாம படிக்கறதா அண்ணி சொன்னாங்க. அதான் இங்கயே எழுதறேன். சொந்தக்காரங்களும் படிப்பாங்கன்னு தெரியும், அதனால எவ்வளவு, யார்கிட்டங்கறதெல்லாம் எழுத மாட்டேன். உனக்குத் தெரிஞ்சதுதானே.

அப்பா வீட்டுல என் பங்கை உனக்கு விட்டுக்குடுக்கறதா எழுதி நீ அனுப்பின விடுதலைப் பத்திரத்தை மூணு மாசமா ஹேண்ட்பேக்ல வெச்சுக்கிட்டே சுத்தினேன். கையெழுத்துப் போடறதில்லன்னு போன வாரம்தான் முடிவு பண்ணேன். உன்மேல கோபத்துல எடுத்த முடிவு இல்ல. கோபமே இல்லன்னும் சொல்ல மாட்டேன்.

உன் பேங்க் கடனுக்கு அப்பா ஜாமீன் போட்ட அன்னிக்கு நீ வெளிய போன் பேசிட்டிருந்த. உள்ள நடந்தது உனக்குத் தெரியாது. கண் ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு அப்பாவுக்கு, இடது கை விரலால கோட்டைத் தடவிப் பாத்துட்டுதான் பேனாவை வெச்சார். கையெழுத்து போடற இடத்துல எல்லாம் பென்சில்ல ஒரு சின்னப் பெருக்கல் குறி. நாலாவது பக்கத்துல பேனா எழுதலை, நான் என் பேனாவைக் குடுத்தேன். அப்ப என்னைப் பாத்து, "நீ படிச்சுப் பாத்தியாம்மா?"ன்னு கேட்டார். நான் படிக்கவே இல்லண்ணா. "எல்லாம் ஃபார்மாலிட்டிதான்ப்பா, போடுங்க"ன்னு சொன்னேன். வேகமா முடிச்சுட்டு ஆபீஸ் போகணும்னு இருந்தேன். அவர் வேற எதுவும் கேக்கலை, மிச்சப் பக்கம் எல்லாத்துலயும் போட்டுக் குடுத்துட்டார்.

அதுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். அப்பாகிட்ட கேக்க முடியல. ஆனா ஒண்ணு, அந்த ஃபைலை மேஜைமேல கொண்டுவந்து வெச்சது நான் இல்ல.

இப்ப எல்லாத்தையும் படிச்சுட்டேன், ரெண்டு வக்கீல்கிட்டயும் கேட்டுட்டேன். கடன் வாங்கினவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்புன்னு 1872ல வந்த ஒப்பந்தச் சட்டமே சொல்லுது. அப்பா இறந்துட்டதால ஏற்கனவே வாங்கின கடனுக்கு அந்தப் பொறுப்பு போயிடாது, அவர் விட்டுட்டுப் போன சொத்து வரைக்கும் தொடரும். சொத்து வரைக்கும்தான், என் சம்பளத்தையோ உன் சம்பாத்தியத்தையோ அப்பா போட்ட ஜாமீனுக்காக எடுக்க முடியாது. அப்பன் கடன் மகன் தலைலங்கறதை 2005லயே சட்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்க.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். உயில் இல்ல, அதனால 1956 வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, மூணு சம பங்கு. பேங்க் கடனுக்கு மொத்த வீடும் மாட்டிக்கிட்டுதான் இருக்கு, அது அப்பா ஜாமீன். ஆனா நீ வெளிய கைமாத்தா வாங்கினதும் வட்டிக்கு வாங்கினதும் உன் ஒரு பங்கைத்தான் தொடும். நானும் அம்மாவும் விடுதலை எழுதிக் குடுத்துட்டா மூணு பங்கும் உன் பேர்ல வந்துடும், அத்தனை பேரும் அதுமேல வந்து நிப்பாங்க. அம்மா எங்க போவாங்க? இதை யோசிச்சுட்டுதான் அனுப்பினியா, இல்ல யோசிக்காமலே அனுப்பிட்டியா? ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குத் தாங்கலை.

உன் பங்கை வேற பேர்ல மாத்தி வெச்சுடலாம்னு யாரோ உனக்கு யோசனை சொல்லியிருக்காங்க. யாருன்னு இங்க வேண்டாம். காசு வாங்காம அப்படி எழுதிக் குடுத்து, ரெண்டு வருஷத்துக்குள்ள திவால் மனு போச்சுன்னா கோர்ட் அதை ரத்து பண்ணிடலாம். தயவுசெஞ்சு செய்யாத.

மஞ்ச நோட்டீஸ் விட்டா ஊரே பேசும்னு நீ பயப்படறது தெரியும். கட்ட வழியில்லாதவன் ஐ.பி. போடறது, அதாவது திவால்னு கோர்ட்ல மனு குடுக்கறது, அசிங்கம் இல்லண்ணா. அது 1920லேர்ந்தே சட்டத்துல இருக்கற வழி. 2016 திவால் சட்டத்துல தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் அமலுக்கு வந்திருக்கு, அதனால உனக்கு அந்தப் பழைய சட்டம்தான். உன் சொத்து கோர்ட் நியமிக்கற ஆள் கைக்குப் போகும். ஆனா துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம், கைத்தொழில் செய்யறவனோட கருவி இதையெல்லாம் எடுக்க மாட்டாங்க. பதினெட்டு வயசுல நீ சேத்து வெச்ச ஸ்பேனர் பெட்டியை நினைச்சுக்கிட்டேன், அதைத் தூக்கிட்டுப் போவாங்களோன்னு பயந்துட்டே இருந்திருக்கேன்.

ஆனா உன்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, கோர்ட் உன்னை விடுவிச்சாலும் ஜாமீன் போட்டவரை விடுவிக்காது. நீ வெளிய வந்துடுவ, அப்பா கையெழுத்து அப்படியே நிக்கும். அதனால ஐ.பி.க்கு முன்னாடி பேங்க் கணக்கை முடிக்கணும். அப்பா டெபாசிட் பணம் உன்கிட்ட இருக்கு. நாமினி நீதான், ஆனா நாமினின்னா வாங்கி வெச்சுக்கற ஆள், சொந்தக்காரன் இல்ல. அதுலயும் அம்மாவுக்கும் எனக்கும் பங்கு உண்டு. என் பங்கு எனக்கு வேண்டாம், மொத்தத்தையும் வெச்சு பேங்க்ல ஒரே தவணையில முடிக்கறதுக்குப் பேசலாம். அதையும் செலவு பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லிடாதண்ணா.

அப்பா உயில் பேச்சை எடுத்தப்ப "இப்ப எதுக்குப்பா அதெல்லாம்"னு நீ வாயை அடைச்சது எனக்கு மறக்கல. உயில் இருந்திருந்தாலும் கடன் போகத்தான் மிச்சம், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு உக்காந்து பேசியிருந்தா இந்த ஜாமீன் விஷயமும் அம்மா காதுல விழுந்திருக்கும்ல.

போன ஞாயித்துக்கிழமை அம்மா உயில் எழுதினாங்க, அவங்க பங்குக்கு. வெறும் வெள்ளைத்தாள்தான், பத்திரப் பேப்பர் தேவையில்ல. அம்மா கையெழுத்துப் போடறதைப் பாத்துட்டு சாட்சி ரெண்டு பேரும் போட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா சத்தமா படிச்சுக் காட்டினேன், புரியாத இடத்துல நிறுத்தி நிறுத்திக் கேட்டாங்க, முக்கால் மணி நேரம் ஆச்சு. ரெண்டு பேருக்கும் சமமான்னு எழுதச் சொன்னாங்க. நான் உனக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்லிப் பாத்தேன், ஒத்துக்கறேன். கேக்கலை. உன் பேர் வர்ற இடத்துல பேனாவை என்கிட்டேர்ந்து வாங்கி அவங்களே எழுதினாங்க.

வியாழக்கிழமை வா. வர்றப்ப டெபாசிட் கணக்கு ஸ்டேட்மெண்டை எடுத்துட்டு வா.