நிலக்கிளியில் ஒட்டிப்போன இரண்டு பக்கங்கள்

திருகோணமலை,
ஆவணி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா நலம். உன்னுடைய நலத்துக்குக் கோணேசப் பெருமானை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைக்கப்போகும் நேரத்தில், இப்போது என்ன நாவல் வாசிக்கிறீர்கள் அம்மா என்று கேட்டாய். உனக்கு வேலைக்குப் போகும் நேரமாகிவிட்டது என்று எண்ணி, ஏதோ பழைய புத்தகம் என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இந்தக் கிழமை முழுவதும் என் மனதில் இருந்துகொண்டே இருந்தது. சாப்பிட்டாயா, அங்கே குளிரா, இங்கே மழையா என்பதற்கு அப்பால் நாம் இருவரும் ஒரு விடயத்தை எடுத்து ஆறுதலாகப் பேசிப் பல காலமாகிவிட்டது. ஆகவே, அரை நிமிடத்தில் சொன்ன பதிலை அழித்துவிட்டு, முறையான பதிலை எழுதுவோம் என்று விறாந்தையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கச்சான் காற்று கடுமையாக வீசுகிறது. தாள் பறக்காமல் இருப்பதற்குக் கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சொன்ன அந்தப் பழைய புத்தகம் நிலக்கிளி. அ. பாலமனோகரன் எழுதி, 1973இல் வீரகேசரிப் பத்திரிகையின் பிரசுரமாக வெளிவந்த நாவல். அப்போது எனக்கு 16 வயது. செங்கை ஆழியானின் வாடைக்காற்றும் அதே ஆண்டில்தான் வந்தது. நம் ஊரவரான ந. பாலேஸ்வரியின் பூஜைக்கு வந்த மலரும் அந்தப் பிரசுர வரிசையில் வந்ததுதான். நம் மண்ணின் பெயர்களும் நம் பேச்சும் அச்சில் வருவதைக் கண்டு பெரியவர்கள் அடைந்த மகிழ்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்தால் அது அந்த ஒழுங்கை முழுவதும் சுற்றிவிட்டுத்தான் திரும்பும்.

எங்கள் வீட்டுப் பிரதியை நீ சிறுவயதில் பார்த்திருப்பாய். மேலட்டை எப்போதோ கழன்றுவிட்டது. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் ஏறியபோது அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்கள் எல்லாம் நனைந்துபோயின. உன் அப்பா அவற்றை ஒவ்வொன்றாக விரித்து, முற்றத்தில் பாய் போட்டு, காற்றுக்குக் கவிழ்ந்துவிடாமல் இரு பக்கமும் சிறு கற்களை வைத்துக் காயவைத்தார். அன்றிலிருந்து நிலக்கிளியின் தாள்கள் நேராகவில்லை. ஓரங்கள் அலை அலையாக வளைந்து, புரட்டும்போது காய்ந்த வாழைச் சருகைப் போலச் சரசரக்கின்றன. நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. கேத்தல் ஆவியில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் சற்றே பிரிந்தது, ஆனால் ஒரு பக்கத்தின் எழுத்து மற்றப் பக்கத்தில் பதிந்திருப்பதைக் கண்டதும் கிழிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். 62ஆம் 63ஆம் பக்கங்கள் இன்னும் மூடியபடியே இருக்கின்றன.

கதை நடப்பது வன்னியில், தண்ணிமுறிப்பில். காட்டோரத்தில் வளர்ந்த பதஞ்சலி, அவளை விரும்பி மணந்து, அதற்காகவே பெற்றோரின் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்த கதிராமன், அவர்களிடையே வந்து சேரும் சுந்தரம் என்ற ஆசிரியர் ஆகிய மூவரைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது. பதினாறு வயதில் நான் பதஞ்சலிக்காக அழுதேன். எழுத்தறியாத அவளுக்குச் சுந்தரம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் அந்த முதல் இன்பத்தை அப்படி எழுதியவர்கள் குறைவு என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

ஆனால் இந்த முறை என் மனம் வேறொருவர் மீது போய் நின்றுவிட்டது. கதிராமனின் தாய் கதையில் அதிக இடம் பிடிக்காதவர். பதினாறு வயதில் அவர் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. இப்போதோ, மகன் புறப்பட்டுப் போன பிறகு அந்த வீட்டில் இரவுச் சோற்றை அவர் எப்படிப் பரிமாறியிருப்பார், எத்தனை கோப்பைகளை எடுத்து வைத்திருப்பார் என்று எழுதப்படாததை எல்லாம் எண்ணிக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்தபடி வெகுநேரம் இருந்துவிடுகிறேன். இதை உன் மனதை வருத்துவதற்காக எழுதவில்லை, மகன். நீ கோபித்துக்கொண்டு போனவனும் அல்ல, நாங்கள் உன்னை விலக்கி வைத்தவர்களும் அல்ல. ஒரே புத்தகம் ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறு ஒருவரின் புத்தகமாக மாறி நிற்பதைக் கண்ட வியப்பை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. அதற்கு உன்னைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்?

நான் மட்டும் வாசிப்பதாக எண்ணாதே. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் இந்த விறாந்தையில் மூன்று பேர் கூடுகிறோம். முன்வீட்டு ரீச்சர் பொன்னியின் செல்வனை நான்காவது முறையாகத் தொடங்கி, இப்போது இரண்டாம் பாகமான சுழற்காற்றில் நிற்கிறார். வந்தியத்தேவன் கடல் கடந்து இலங்கைக்கு வரும் பகுதி என்பதால், அவன் போகும் வழியெல்லாம் தாம் பஸ்ஸில் போன வழி என்று சொல்லிச் சொல்லி வாசிக்கிறார். எனக்கு அந்த நாவலில் ஆரம்பத்தில் இருந்த ஆர்வம் இப்போது இல்லை; எல்லாரும் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டு அறிந்துகொள்வது எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் அவர் குரலை ஏற்றி இறக்கி வாசிக்கும்போது நானும் சேர்ந்து கேட்கிறேன்.

மற்றவர் ஆஸ்பத்திரியில் என்னோடு தாதியாக இருந்த கிண்ணியா ராத்தா. உனக்குத் தொதல் கொண்டுவந்து தருவாரே, அவர்தான். முன்பெல்லாம் பாதை என்கிற படகு வரும்வரை கரையில் வெயிலில் காத்திருந்து, இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் களைத்துப் போவார்; 2009இல் பாலம் திறந்த பிறகு பஸ் ஏறியதும் வந்துவிடுகிறார். அவர் கையில் இருப்பது தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை. 1988இல் வந்த அந்த நாவல் நடப்பது குமரி மாவட்டத்துக் கடற்கரையில். அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரமும், அவருக்கு அடங்கிக் கிடக்கும் ஊரும், சிறிது சிறிதாக அந்த அதிகாரம் உதிர்வதும்தான் கதை. அந்த மக்களின் பேச்சில் சில சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ராத்தா அவற்றில் பலவற்றுக்கு உடனே பொருள் சொன்னார். தம் உம்மம்மா அப்படித்தான் பேசுவார் என்றார். கடலுக்கு அந்தப் பக்கத்தில் எழுதிய புத்தகத்தில் தம் உம்மம்மாவின் குரலைக் கேட்டதாக அவர் சொன்னபோது, அவர் கண் கலங்கியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். அதன் பிறகு அன்று யாரும் வேறு எதுவும் வாசிக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு எழுந்தோம்.

ராத்தா முடித்ததும் அந்த நாவல் எனக்கு வரும்; அடுத்ததாக மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் கொழுகொம்பு. அதை எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரவில் படுக்கும்முன் மட்டும் இன்னொன்றை வாசிக்கிறேன். நம் ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் இருந்த காலத்தில் எழுதி, 1895இல் வெளியிட்ட மோகனாங்கி. தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். மதுரைச் சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை அரசகுமாரி மோகனாங்கியையும் பற்றிய கதை. உண்மையைச் சொன்னால், அது எளிதாக ஓடும் வாசிப்பு அல்ல. வாக்கியங்கள் நீண்டவை, வடசொற்கள் மிகுந்தவை. ஓர் இரவில் மூன்று பக்கங்களுக்கு மேல் என்னால் போகமுடிவதில்லை. ஆயினும் அவரை விடமாட்டேன். பெண்களைக் கல்வியில்லாமல் அடைத்து வைப்பதை எதிர்த்து, தத்தை விடு தூது என்று 1892இல் கவிதை எழுதியவர் அவர். இந்த ஊரில் பிறந்த ஒருவர் அந்தக் காலத்திலேயே அப்படி எண்ணியிருக்கிறார் என்பது, பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை புத்தகம் என்று கேட்கப்பட்ட எனக்குப் பெரிய ஆறுதல்.

மோகனாங்கிக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1891இல், இதே ஊர் இன்னாசித்தம்பி ஊசோன் பாலந்தை கதை எழுதினார். ஐரோப்பாவில் வழங்கிய ஓர்சன், வலன்ரைன் என்ற இரட்டைச் சகோதரரின் கதையைத் தழுவியது அது. காட்டில் கரடி வளர்த்த ஓர்சன் ஊசோனாகவும், அரண்மனையில் வளர்ந்த வலன்ரைன் பாலந்தையாகவும் ஆகிவிட்டார்கள். பாலந்தை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். நம் ஊர்த் தெருவில் கூப்பிட்டால் ஒருவர் திரும்பிப் பார்ப்பார் போல இருக்கிறது. நீ அங்கே உன் பெயரை அவர்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டதாகச் சொன்ன அன்று எனக்கு இந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது.

இனி உன்னுடைய புத்தகம். ரயிலில் வேலைக்குப் போய்வரும்போது அனுக் அருட்பிரகாசத்தின் எ பாசேஜ் நோர்த் என்ற ஆங்கில நாவலை வாசிப்பதாகச் சொன்னாய். கிரிஷானின் அப்பம்மாவைப் பார்த்துக்கொண்ட ராணி கிணற்றில் விழுந்து இறந்த செய்தி கொழும்பில் இருக்கும் அவனுக்கு வருவதையும், செத்தவீட்டுக்கு அவன் வடக்கே ரயிலில் புறப்படுவதையும் சொல்லிக்கொண்டு வந்து, அங்கேயே நிறுத்திவிட்டாய். ஆங்கிலப் புத்தகத்திலும் அப்பம்மா என்றே எழுதியிருப்பதாக நீ சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ராணி போன்ற பெண்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். மருந்தை வாங்கி விழுங்குவார்கள், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், ஆனால் பார்வை நம் தோளைத் தாண்டி எங்கோ போய்விடும். அதை அந்த எழுத்தாளர் எப்படி எழுதியிருக்கிறார் என்று அறிய விரும்புகிறேன். அவர் உரையாடலே வைக்காமல் நீண்ட வாக்கியங்களில் எழுதுகிறார் என்று நீ குறைப்பட்டாய். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ரயிலில் தனியே போகிறவனின் மனம் அப்படித்தான் ஓடும். கொழும்பிலிருந்து வரும் நம் இரவு ரயிலும் மாகோ வரை அதே தண்டவாளத்தில்தான் வருகிறது. அங்கே அவன் பாதை அனுராதபுரத்தை நோக்கிப் போக, நாம் கல்லோயாச் சந்தியைப் பார்த்துத் திரும்புவோம். அந்த வழியில் உன்னை மடியில் படுக்கவைத்து, மங்கிய வெளிச்சத்தில் எத்தனை நாவல்களை முடித்திருப்பேன்!

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். ஒன்று, நீ அந்தக் கதையைக் கிரிஷான் ரயில் ஏறிய இடத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிறிது சிறிதாக எனக்குத் தமிழில் சொல்லவேண்டும். பத்து நிமிடம் போதும். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடாதே. பேத்தி அருகில் இருந்தால் அவளும் கேட்கட்டும், விளங்காத சொல்லுக்கு அவள் உன்னை நிறுத்தினால் எனக்குக் கோபம் வராது.

மற்றது நிலக்கிளி. நம் நாட்டு நூல்களை எல்லாம் படியெடுத்து வைக்கும் நூலகம் என்ற இணையத்தளத்தில் அது இருப்பதாக ரீச்சரின் மகன் சொன்னான். உனக்கு நேரம் கிடைக்கும்போது தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வா. உனக்கு யார் மீது மனம் போகிறது என்று நான் கேட்பேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் 62ஆம் 63ஆம் பக்கங்களை மட்டும் எடுத்து வைத்திரு. பதிப்பு வேறாக இருந்து பக்க எண் மாறியிருந்தால், ஒட்டியிருக்கும் இடத்துக்கு முன்னால் வரும் கடைசி வரியை நான் தொலைபேசியில் வாசிக்கிறேன். நீ அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எனக்கு வாசி.

அன்புடன்,
அம்மா