தண்ணீர், தீவனம்: காப்பகக் குழுவுக்கு அறிவிப்பு

வணக்கம். காப்பகத்துக் கிணறு நேற்றோடு வற்றிவிட்டது. இனி லாரித் தண்ணீர்தான். இந்த வெயிலில் ஒரு மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். தொட்டி கழுவிய தண்ணீரையும் வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றுங்கள்.

தீவனம் கொண்டுவருபவர்கள் கட்டாயம் கவனியுங்கள். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரைத் தயவுசெய்து அறுத்து வர வேண்டாம். அதில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். தின்ற கொஞ்ச நேரத்திலேயே மாடு விழுந்துவிடும். கதிர் முற்றி நன்றாகக் காய்ந்த சோளத்தட்டு போதும். கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், வெள்வேலங்காய் உதிர்ந்து கிடந்தால் பொறுக்கி வாருங்கள், ஆடுகள் ஆசையாகத் தின்னும்.

படுத்தே கிடந்த கிழட்டுக் கழுதை இன்று தானாக எழுந்து நின்றது! அப்புறம், ஞாயிறு காலை 6 மணிக்கு நிழற்பந்தல் போட நான்கு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.